பாக் என்றொரு சம்சாரி

1986இல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பில் ஓர் இசைக்கோவைக்கு 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று பெயர். பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்கிறார் ராஜா. கேசட் தேயத் தேய அதைக் கேட்ட நம்மில் பலருக்குப் பாக் என்ற பெயர் அறிமுகமானதே அப்படித்தான். ராஜாவின் வீடுவரை வந்து போன அந்த ஜெர்மன்காரரை, அவருடைய சொந்த வீட்டிலேயே போய்ப் பார்த்தால் எப்படி இருக்கும்?

முதலில் சத்தம்தான் வரவேற்கும். லைப்சிக் நகரத்துப் புனித தோமா பள்ளிக்கூடக் கட்டடத்தின் ஒரு பக்கம்தான் அவர் குடியிருந்த இடம். உட்கார்ந்து இசை எழுதுகிற அறையின் சுவருக்கு அந்தப்புறம் வகுப்பறை, பையன்களின் கூச்சல். இந்தப்புறம் இடுப்பில் ஒன்று, தவழ்வது ஒன்று, ஓடுவது ஒன்று என்று பிள்ளைகள். பாட்டு கற்க வந்து வீட்டோடு தங்கிவிட்ட மாணவர்கள். ஊர் வழியாகப் போகும்போது பார்த்துவிட்டுப் போகலாமே என்று படியேறிய இசைக்காரர்கள். எங்கள் வீடு புறாக்கூண்டு மாதிரி இருந்தது என்று அவருடைய மகன் எமானுவேல் பின்னாளில் எழுதினார். 'மத்தேயு பாஸன்' என்ற பெரிய இசைப்படைப்பு பிறந்தது அந்தக் கூண்டுக்குள்தான்.

யோஹான் செபாஸ்டியன் பாக்கிற்குப் பிறந்த பிள்ளைகள் மொத்தம் 20. நம் ஊரில் இப்படிப்பட்டவரைப் 'பெரிய சம்சாரி' என்பார்கள். சுருள் முடிச் சவுரி வைத்து, புருவம் நெரித்து, கையில் இசைத்தாளோடு நிற்கும் அந்தப் பிரபலமான ஓவியத்தில் சம்சாரி தெரிவதில்லை, மேதைதான் தெரிகிறார். அவர் எழுதிய கடிதங்களில் மிஞ்சியவை கொஞ்சம். அவற்றில் கலைத் தத்துவம் தேடிப் போகிறவர் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். சம்பளம், விலைவாசி, பையனுக்கு வேலை, பெண்ணுக்குக் கல்யாணம், வண்டிக்கூலி. இவைதான் இருக்கின்றன.

1685 மார்ச்சில் ஐசனாக் என்ற சிற்றூரில் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். அப்பா நகரசபைச் சம்பளத்தில் வாத்தியம் வாசித்தவர். அம்மா 1694இல் போனார், அடுத்த பிப்ரவரியில் அப்பா. பத்து வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது பையன் அனாதை. ஓர்டுருஃப் என்ற ஊரில் தேவாலய ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த மூத்த அண்ணன்தான் கூட்டிக்கொண்டு போய் வளர்த்தார். அண்ணன் ஓர் இசைக் கையேட்டை அழிபோட்ட அலமாரியில் பூட்டி வைத்திருந்தாராம். தம்பி சின்னக் கையைக் கம்பிக்குள் விட்டு, தாளைச் சுருட்டி வெளியே இழுத்து, நிலா வெளிச்சத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து நகலெடுத்தான். கண்டுபிடித்த அண்ணன் நகலைப் பிடுங்கிக்கொண்டார். பாக் இறந்தபின் வந்த இரங்கல் குறிப்பில் இந்தக் கதை இருக்கிறது. அதை எழுதிய இருவரில் ஒருவர் மகன் எமானுவேல் என்பதால், சொந்தப் பிள்ளைகளிடம் அப்பா பலமுறை சொன்ன கதையாகத்தான் இது இருக்க வேண்டும்.

1707இல் முதல் கல்யாணம். பெண் மரியா பார்பரா, தூரத்து உறவு. கல்யாணத்துக்கு முன்பும் அவர் பெயருக்குப் பின்னால் பாக்தான். ஏழு பிள்ளைகள் பிறந்து நான்கு தங்கின. 1720 கோடையில், பாக் அரண்மனை இசைத் தலைவராக இருந்த கோத்தன் சீமையின் சிற்றரசர் லெயோபோல்ட் தன் இசைக்காரர்களோடு கார்ல்ஸ்பாட் வெந்நீர் ஊற்றுக்குப் போனார். கூடப் போன பாக் ஜூலையில் திரும்பி வந்து வீட்டு வாசலில் காலெடுத்து வைத்தபோது, மனைவி இறந்து அடக்கமும் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். புறப்படும்போது அவர் நல்ல உடம்போடு இருந்தார். 12 வயதுக்குள் நான்கு பிள்ளைகள் வீட்டில்.

அதே ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி, மூத்த பையன் ஃப்ரீடெமானுக்காக அவர் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கியிருந்தார். பையனுக்கு அப்போது 9 வயது. முதலில் ஸ்வரக் குறிகள், பிறகு அலங்காரங்களுக்கு ஒரு பட்டியல், பிறகு எந்தக் கட்டைக்கு எந்த விரல் என்று எண்ணிட்ட ஒரு சின்னப் பாடம். நம் சரளி வரிசை, ஜண்டை வரிசை மாதிரி. அப்படியே பக்கங்கள் புரளப் புரள, இன்று உலகம் முழுக்கப் பியானோ மாணவர்கள் படிக்கும் 'இன்வென்ஷன்'களின் முதல் வடிவங்களும், 'வெல் டெம்பர்ட் கிளாவியர்' தொகுப்பின் சில முன்வடிவங்களும் வந்துவிடுகின்றன. மூத்த பிள்ளைக்கு எழுதிய வீட்டுப் பாடம்தான் பிறகு உலகத்துக்கே பாடப் புத்தகமானது.

1721 டிசம்பரில் இரண்டாவது கல்யாணம். அன்னா மக்தலேனாவுக்கு 20 வயது, அவருக்கு 36. எக்காளம் வாசிப்பவரின் மகள், அரண்மனையில் சம்பளம் வாங்கிய பாடகி. வந்த வீட்டில் நான்கு மூத்தாள் பிள்ளைகள். மூத்த பெண் கத்தரீனாவுக்கும் சித்திக்கும் ஏழே வயதுதான் வித்தியாசம்.

மனைவிக்கும் பாக் நோட்டுகள் கொடுத்தார். 1725இல் தொடங்கிய இரண்டாவது நோட்டு ஓர் அசல் குடும்ப நோட்டு. அதில் அவர் எழுதியவையும் உண்டு, பிறர் எழுதியவையும் உண்டு, பையன்களின் கன்னி முயற்சிகளும் உண்டு, புகையிலைக் குழாயைப் பற்றி ஒரு பாட்டும் உண்டு. சென்னையில் கீபோர்டு வகுப்புக்குப் போகிற எந்தக் குழந்தையும் சில மாதங்களில் வாசித்துவிடும் 'மினுயெட் இன் ஜி' அந்த நோட்டிலிருந்துதான் வந்தது. அது பாக் எழுதியதே இல்லை, கிறிஸ்டியான் பெட்சோல்ட் எழுதியது என்று 20ஆம் நூற்றாண்டில்தான் உறுதியானது. யாரோ எழுதிய நல்ல மெட்டு வீட்டு நோட்டில் ஏறியது, அவ்வளவுதான். சமையல் குறிப்பு நோட்டில் பக்கத்து வீட்டு மாமியின் வத்தக்குழம்பு ஏறுவதில்லையா?

1723 மே மாதம் ஒரு சனிக்கிழமை நடுப்பகலில் சாமான் ஏற்றிய நான்கு வண்டிகள் லைப்சிக் வந்து சேர்ந்தன. இரண்டு மணிக்கு, இரண்டு கோச்சு வண்டிகளில் குடும்பம் வந்து இறங்கியது. ஹாம்பர்க் செய்தித்தாள் ஒன்று இதைச் செய்தியாகப் போட்டதால் நமக்கு மணி உட்படத் தெரிகிறது. அரண்மனை இசைத் தலைவர் பதவியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராவது அவருக்கே ஒரு படி இறக்கமாகத்தான் பட்டது. இருந்தும் வந்ததற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, பையன்களுக்குப் படிப்பில் நாட்டம் இருந்தது. லைப்சிக்கில் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்காக ஊர் மாறிய தகப்பன்மார் வரிசையில் அவரையும் சேர்க்கலாம்.

வேலை கொஞ்சநஞ்சமில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பையன்களுக்குப் பாட்டுச் சொல்லித்தர வேண்டும். நான்கு தேவாலயங்களுக்குப் பாடகர்களைப் பிரித்து அனுப்ப வேண்டும். சவ ஊர்வலத்துக்கும் கல்யாணத்துக்கும் பாடகர் குழு வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் விடுதி மேற்பார்வையும் தலையில் விழும். இதற்கெல்லாம் மேலே பெரும்பாலான ஞாயிறுகளில் முக்கியத் தேவாலயத்தில் ஒரு கான்டாட்டா, அதாவது பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்து சுமார் 20 நிமிடம் நிகழ்த்தும் பக்தி இசை. பழைய சரக்கை வைத்து ஒப்பேற்றியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. பாக் முதல் சில ஆண்டுகள் வாராவாரம் பெரும்பாலும் புதிதாகவே எழுதினார். இன்று நம் கையில் இருப்பவை மட்டும் சுமார் 200.

அவருடைய கையெழுத்துப் பிரதிகளைக் கூர்ந்து பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சில பக்கங்களின் அடியில், ஓரத்தில், அடுத்த பக்கத்தில் வரப்போகும் ஸ்வரங்கள் அவசரமாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. மை காயாமல் தாளைத் திருப்ப முடியாது. அதற்குள் மனசில் வந்தது நழுவிவிடக் கூடாதே என்று அங்கேயே கிறுக்கி வைத்திருக்கிறார். மை காயும் நேரம்கூட அவருக்கு மிச்சமில்லை.

எழுதி முடித்தால் போதுமா? ஒவ்வொரு பாடகருக்கும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள் எடுக்க வேண்டும். வார இறுதி நெருங்க நெருங்க வீடு நகல் எடுக்கும் பட்டறையாகிவிடும். மாணவர்கள், பையன்கள், அன்னா மக்தலேனா எல்லோர் கையிலும் இறகுப் பேனா. ஐந்து முனை கொண்ட பேனாவால் கோடு போடுவதுகூடக் கைவேலைதான். கணவரோடு சேர்ந்து எழுதி எழுதி அன்னா மக்தலேனாவின் இசைக் கையெழுத்து அவருடையதைப் போலவே ஆகிவிட, ஆய்வாளர்கள் இருவரையும் நெடுநாள் குழப்பிக்கொண்டார்கள். செல்லோ வாசிப்பவர்களுக்கு வேதம் போலிருக்கும் ஆறு தனிச் செல்லோ கோவைகளைப் பாக் தன் கையால் எழுதிய மூலம் காணாமல் போயிற்று. நமக்கு வந்து சேர்ந்த முக்கியமான பிரதி அந்த அம்மாள் எடுத்த நகல்.

1730 அக்டோபர் 28 அன்று பால்ய நண்பர் எர்ட்மானுக்குப் பாக் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். வேறு இடத்தில் வேலை இருந்தால் சொல்லேன் என்பதுதான் சாரம். ஆண்டு வருமானம் சுமார் 700 தாலர். அதில் நிலையான சம்பளம் சொற்பம், மற்றதெல்லாம் கல்யாணம், சாவு போன்றவற்றில் வரும் மேல்வரும்படி. ஊரில் வழக்கத்தைவிடச் சாவு கூடினால் கையில் காசு கூடும். காற்று சுத்தமாக இருந்துவிட்டால் போயிற்று. போன வருஷம் ஜனங்கள் ஆரோக்கியமாக இருந்துவிட்டதால் சாவு வரும்படியில் 100 தாலருக்கு மேல் அடி என்று வருத்தப்படுகிறார். லைப்சிக் செலவு பிடித்த ஊர், பிறந்த சீமையில் இதில் பாதிக்குக் குடும்பத்தை நடத்திவிடலாம் என்று புலம்பல் வேறு. அப்புறம் பேனா வீட்டுப் பக்கம் திரும்புகிறது. பிள்ளைகள் எல்லாம் பிறவி இசைக்காரர்கள், வீட்டு ஆட்களை வைத்தே ஒரு கச்சேரி நடத்திவிட முடியும், மனைவிக்குச் சுத்தமான சாரீரம், மூத்த பெண்ணும் மோசமில்லை. புலம்பலில் ஆரம்பித்த கடிதம் பெருமையில் முடிகிறது. அவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. சாகும்வரை லைப்சிக்தான்.

அந்தக் கடிதத்தில் இல்லாத கணக்கு ஒன்று உண்டு. 1726இலிருந்து 1733க்குள் அந்த வீட்டிலிருந்து ஏழு குழந்தைகளின் பெட்டிகள் போயின. ஒருநாள் இருந்தது, சில நாள் இருந்தது, மூன்று வயது, நாலரை வயது. ஊராரின் சாவில் வரும்படி எதிர்பார்த்தவர் தன் வீட்டுச் சாவுகளைப் பற்றி எழுதியது எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. 20 பேரில் பெரியவர்களாக வளர்ந்தவர்கள் 10 பேர்.

வளர்ந்தவர்களுக்காக அவர் பட்ட பாடு இருக்கிறதே, அது நமக்கு மிகவும் பழக்கமான பாடு. 1733இல் டிரெஸ்டன் நகரில் ஆர்கன் வாசிப்பவர் வேலை காலியானது. ஃப்ரீடெமானுக்காக விண்ணப்பக் கடிதங்கள் போயின. கையெழுத்து உட்பட எல்லாம் அப்பாவின் கை! பையனுக்கு வேலை கிடைத்தது. அந்த வேலைக்கு அவன் தகுதியானவன்தான் என்பதால் இதைச் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடலாம்.

மூன்றாவது பையன் கோட்ஃப்ரீட் பெர்ன்ஹார்ட் விஷயத்தில் சிரிக்க முடியாது. அப்பாவின் சிபாரிசில் மூல்ஹவுசனில் வேலை, அங்கே கடன். அப்பா அடைத்தார். மறுபடி அப்பாவின் சிபாரிசில் சாங்கர்ஹவுசனில் வேலை, அங்கேயும் கடன். 1738 வசந்தத்தில் ஆள் தலைமறைவு. கடன்காரர்களுக்காக எழுதிக் கேட்டவருக்கு மே மாதம் பாக் பதில் எழுதினார். பிள்ளை எங்கே இருக்கிறான் என்றே தெரியாது, அவனிடமிருந்து எழுத்தே வரவில்லை, அவன் எங்கே என்று தெரியாமல் எந்தக் கடனுக்கும் பொறுப்பேற்க முடியாது, இந்தச் சிலுவையைப் பொறுமையோடு சுமக்க வேண்டியதுதான் என்று. உலகமே தலைவணங்கும் மனிதர், பையன் பட்ட கடனுக்காக இன்னொருவர் முன்னால் தலைகுனிந்து நிற்கிறார். பையன் யேனா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்திருந்தது பிறகு தெரிந்தது. 1739 மே மாதம் அங்கேயே காய்ச்சலில் இறந்தான். வயது 24.

அன்னா மக்தலேனாவின் மூத்த பையன் கோட்ஃப்ரீட் ஹைன்ரிஹுக்கு மூளை வளர்ச்சி குறைவு. ஆனால் விரல்களில் இசை இருந்தது. பெரிய ஞானம், மலராமல் போயிற்று என்று அண்ணன் எமானுவேல் குறித்து வைத்திருக்கிறார்.

1738 வாக்கில் எலியாஸ் என்ற உறவுக்காரர் வீட்டோடு வந்து தங்கி, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு, பாக்கிற்குக் கடித வேலையும் பார்த்தார். அவர் எடுத்து வைத்த கடித நகல்கள் இல்லாவிட்டால் வீட்டுக்காரம்மாளின் ஆசைகள் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். வெளியூர் போய்விட்டு வந்த பாக், அங்கே ஒருவர் வீட்டில் பழக்கிய ஒரு குருவி எவ்வளவு அழகாகப் பாடுகிறது என்று சொன்னாராம். அந்தக் குருவி விலைக்குக் கிடைக்குமா, வீட்டுக்காரம்மாளுக்குப் பறவை என்றால் உயிர் என்று எலியாஸ் எழுதிக் கேட்கிறார். இன்னொரு கடிதத்தில் மஞ்சள் கார்னேஷன் பூச்செடி கேட்கிறார். ஆறு செடிகள் வந்தன. கிறிஸ்துமஸ் பரிசு வந்த பிள்ளைகளைவிட அந்த அம்மாள் அதிகம் பூரித்துப் போனார், கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்கிறார் என்று நன்றிக் கடிதம் போனது. 13 பிள்ளை பெற்று, ஏழு பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண் அவர்.

ஊர் திரும்பிய எலியாஸ் 1748இல் ஒரு பீப்பாய் ஒயின் அனுப்பினார். வழியில் குலுங்கியதோ என்னவோ, மூன்றில் ஒரு பங்கு காணோம். கடவுள் கொடுத்த இவ்வளவு நல்ல பொருளில் ஒரு சொட்டு வீணானாலும் பாவம்தானே என்று பாக் அங்கலாய்த்தார். இனி அனுப்ப வேண்டாம் என்றும் நாசூக்காகச் சொன்னார். ஏன் என்பதற்குப் பின்குறிப்பில் கணக்கு வருகிறது: வண்டிக்கூலி 16 குரோஷன், கொண்டுவந்து கொடுத்தவனுக்கு 2, சுங்கம் இவ்வளவு, உள்வரி இவ்வளவு, பொதுவரி இவ்வளவு. ஆகமொத்தம் ஒரு படி ஒயின் கிட்டத்தட்ட 5 குரோஷன் விழுகிறது, அன்பளிப்புக்கு இது கட்டுப்படியாகாது. அதே கடிதத்தில் ஜனவரியில் மகள் லீஸ்கனுக்குக் கல்யாணம் என்ற சேதியும் இருக்கிறது. மாப்பிள்ளை ஆல்ட்னிகோல், அவரிடமே படித்த மாணவர். நாவும்பர்க் தேவாலயத்தில் வேலை கிடைக்கச் சிபாரிசு செய்ததும் மாமனார்தான்.

கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. 1749 ஜூனில் பாக் உயிரோடு இருக்கும்போதே, அவர் காலமானால் அந்த இடத்துக்கு யார் என்று நகரசபை இன்னொருவரை வாசிக்கவைத்துப் பார்த்து வைத்துக்கொண்டது. 1750 வசந்தத்தில் ஜான் டெய்லர் என்ற ஊர் சுற்றும் ஆங்கிலேயக் கண் வைத்தியர் இரண்டு முறை அறுவை செய்தார். பார்வை போனதோடு உடம்பும் போயிற்று. ஜூலை 28 அன்று, 65ஆவது வயதில் பாக் இறந்தார். கல்லறைக்கு ஒரு கல்கூட வைக்கவில்லை.

உயில் எழுதாமல் போய்விட்டார். அவ்வளவு கணக்குப் பார்த்த மனிதர் இதில் கோட்டைவிட்டது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். சுமார் 1,100 தாலர் பெறுமானச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு, மீதி பிள்ளைகளுக்கு. வழக்கப்படி விதவைக்குச் சேர வேண்டிய அரையாண்டுச் சம்பளத்தை நகரசபை கொடுத்தது, ஆனால் 1723இல் வேலையில் சேர்ந்தபோது கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு. 27 வருஷத்துக்கு முந்தைய பாக்கி!

கோட்ஃப்ரீட் ஹைன்ரிஹை அக்கறையோடு அழைத்துக்கொண்டு போனவள் தங்கை லீஸ்கன். 1763இல் இறக்கும்வரை அவன் அவள் வீட்டில்தான் இருந்தான். எமானுவேல் 15 வயதுத் தம்பி கிறிஸ்டியானை பெர்லினுக்கு அழைத்துப் போய் வளர்த்தார். அந்தக் கிறிஸ்டியான் பிறகு லண்டனில் புகழ் பெற்று, எட்டு வயதுச் சிறுவன் மோட்சார்ட்டை மடியில் வைத்து வாசிக்கிற அளவுக்கு உயர்ந்தார். மகன்கள் பிழைத்துக்கொண்டார்கள். அன்னா மக்தலேனா 1760இல் லைப்சிக் நகரசபையின் தர்மப் பணத்தில் வாழ்பவராக இறந்தார். வீட்டில் பாடவும் நகலெடுக்கவும் பிள்ளை வளர்க்கவும் இருந்த அந்தப் பெண்ணின் உழைப்புக்கு எந்தத் தேவாலயமும் சம்பளம் கொடுத்ததில்லை. பாக்கின் உழைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதில் பாதியை இந்த அம்மாள் பெயரில் எழுதுவதுதான் நியாயம்.

கடைக்குட்டி ரெஜினா சுசானாவுக்கு அப்பா போனபோது எட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. 1800இல் லைப்சிக்கின் இசைப் பத்திரிகை ஒன்று, பாக்கின் மகள் வறுமையில் இருக்கிறார், உதவுங்கள் என்று வாசகர்களுக்கு வேண்டுகோள் விடுத்தது. வியன்னாவிலிருந்தும் பணம் வந்தது. தான் எதையாவது எழுதி, அதன் வருமானத்தை அவருக்குக் கொடுக்க விரும்புவதாகப் பீத்தோவன் பதிப்பாளருக்கு எழுதினார். ரெஜினா சுசானா 1809 டிசம்பரில் இறந்தார். அந்த 20 பேரில் கடைசியாகப் போனவர் அவர்.